பிழை தெரிவது ஓரிடம், இருப்பது வேறிடம்: திறந்த மூல ஆவணங்களை மெய்ப்பு பார்க்க ஒரு வழிமுறை

திறந்த மூல மென்பொருள் ஒன்றின் ஆவணத்தைப் படிக்கிறீர்கள். ஏதோ ஒன்று சரியில்லை என்று தெரிகிறது. உடனே கோப்பைத் திறந்து மாற்றிவிடத்தான் கை துடிக்கும். கொஞ்சம் பொறுங்கள்.

அச்சிடப் போகும் நூலுக்கு மெய்ப்பு பார்க்கும்போது தாளில் இருப்பதுதான் எல்லாம். மென்பொருள் ஆவணம் அப்படியில்லை. நீங்கள் படிக்கும் பக்கத்துக்குப் பின்னால் ஒரு மூலக் கோப்பு இருக்கிறது. அதைப் பக்கமாக மாற்றும் கருவி ஒன்று இருக்கிறது. சில இடங்களில் அந்த மூலக் கோப்பையே நிரலிலிருந்து உருவாக்கும் இன்னொரு கருவியும் இருக்கும். கடைசியாக, ஆவணம் எதைப் பற்றிப் பேசுகிறதோ அந்த நிரல். பிழை இந்த நான்கில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். தெரிவது மட்டும் எப்போதும் பக்கத்தில்தான். அதனால் "இதை எப்படித் திருத்துவது" என்று கேட்கும் முன் "இது எங்கே பிறந்தது" என்று கேட்க வேண்டும். கீழே உள்ளவை எல்லாம் அந்தக் கேள்விக்கான வழிகள். உங்களுக்குத் தெரியும் அறிகுறியைத் தேடி நேராக அங்கே போகலாம்.

தொடங்கும் முன் ஒரு வேலை உண்டு. ஆவணத்தை உங்கள் கணினியிலேயே ஒரு முறை பில்ட் செய்து, அதாவது மூலக் கோப்பைப் பக்கமாக மாற்றி, பாருங்கள். பங்களிப்பாளர் வழிகாட்டியில் அதற்கான வழி பெரும்பாலும் இருக்கும். பில்ட் செய்ய முடியாத நிலையில் மெய்ப்பு பார்ப்பவர் பாதிக் கண்ணை மூடிக்கொண்டுதான் வேலை செய்கிறார். பில்ட் செய்த பக்கம், மூலக் கோப்பு, ஓடும் நிலையில் மென்பொருள், மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் திறந்திருந்தால் கீழே உள்ள பெரும்பாலான சிக்கல்கள் சில நிமிடங்களில் பிடிபடும்.

காப்பி செய்து ஒட்டிய கட்டளை ஓடவில்லை, கையால் அடித்தால் ஓடுகிறது

இந்த வித்தியாசத்திலேயே பாதி விடை இருக்கிறது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் எழுத்துகள் உள்ளே வேறு வேறாக இருக்கின்றன.

முதலில் மேற்கோள் குறிகளைப் பாருங்கள். நிரலுக்குத் தெரிந்தது " என்ற நேர்க்குறி மட்டும்தான். “ ” என்ற வளைந்த குறிகளை, கட்டளைகளை ஏற்கும் டெர்மினல் மேற்கோளாகவே எடுத்துக்கொள்ளாது. அவற்றை வெறும் எழுத்தாக நினைத்து, நடுவில் இருக்கும் இடைவெளியில் சொற்றொடரை இரண்டாக உடைத்துவிடும். இடைவெளி உள்ள கோப்புப் பெயர் ஒன்று இரண்டு கோப்புகளாக மாறி, "அப்படியொரு கோப்பு இல்லை" என்று செய்தி வரும். பயனர் தன் கோப்பைத் தேடிக்கொண்டிருப்பார். தவறோ குறியில் இருக்கும்.

அடுத்தது சிறுகோடுகள். கட்டளையோடு தரும் ஆப்ஷன்களில் நீண்ட பெயருள்ளவை -- என்று இரண்டு சிறுகோடுகளுடன் தொடங்கும். அவை ஒன்றாகச் சேர்ந்து – என்ற ஒற்றை நீள்கோடாக மாறியிருக்கிறதா பாருங்கள். யூனிகோடில் அது 2013 என்ற எண்ணுள்ள எழுத்து. அதை எந்த நிரலும் ஆப்ஷனாக ஏற்காது.

இதை மாற்றியது யார்? இரண்டு சாத்தியங்கள். எழுதியவர் வேர்ட் பிராசசரில் எழுதி ஒட்டியிருந்தால் பிழை மூலக் கோப்பிலேயே இருக்கும். மூலக் கோப்பில் நேர்க்குறிகளும் இரட்டைச் சிறுகோடும் சரியாகவே இருந்தால் மாற்றியது கருவி. ஸ்பிங்க்ஸ் என்ற ஆவணக் கருவியில் ஸ்மார்ட்கோட்ஸ் என்ற அமைப்பு இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். சாதாரண உரைநடையில் வரும் நேர்க்குறிகளை வளைந்த குறிகளாகவும், -- என்பதை நீள்கோடாகவும், மூன்று புள்ளிகளை ஒரே எழுத்தாகவும் அது மாற்றும். கோட், அதாவது நிரல் வரி, என்று குறிக்கப்பட்ட பகுதியை மட்டும் தொடாது. ஆகவே திருத்தம் என்பது நீள்கோட்டை அழித்து மறுபடி சிறுகோடு போடுவது அல்ல. அந்த ஆப்ஷன் பெயரைக் கோட் பகுதியாகக் குறிப்பதுதான். மொத்த அமைப்பையும் அணைத்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம், அது எல்லாப் பக்கங்களின் தோற்றத்தையும் மாற்றும், அந்த முடிவு திட்டத்தைப் பராமரிப்பவருடையது.

மூன்றாவது சந்தேகம், கண்ணுக்கே தெரியாதவை. வரி உடையாமல் இருக்கப் போடும் இடைவெளி சாதாரண இடைவெளி போலவே இருக்கும். ஆனால் டெர்மினலுக்கு அது இடைவெளி இல்லை, சொல்லின் ஒரு பகுதி. "அப்படியொரு கட்டளை இல்லை" என்று வருகிறது, கட்டளையின் பெயரோ எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்கிறது என்றால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அகலமே இல்லாத இடைவெளி இன்னும் மோசம், அதைத் திரையில் கண்டுபிடிக்கவே முடியாது. கோப்பில் உள்ள பைட்டுகளைக் காட்டும் ஹெக்ஸ்டம்ப் போன்ற கருவியில் போட்டுப் பாருங்கள். ஆவணம் ஆங்கிலத்தில் இருந்தால் ஆஸ்கி (அடிப்படை ஆங்கில எழுத்து, எண், குறிகள்) அல்லாத எழுத்துகளை கிரெப் என்ற தேடல் கருவியில் ஒரே வரியில் தேடிவிடலாம். தமிழ் ஆவணத்தில் அந்தத் தேடல் எல்லா வரிகளையும் காட்டும். அங்கே கோட் பகுதிகளை மட்டும் பிரித்தெடுத்துத் தேட வேண்டும்.

டெர்மினலிலேயே படிக்கும் கட்டளைக் கையேடுகளான மேன் பக்கங்களில் இதே நோய்க்கு வேறு காரணம். அவற்றின் மூலக் கோப்பில் வெறுமனே ஒரு சிறுகோடு போட்டால், அதை உரைநடைக்கான இணைப்புக் குறியாகக் கருதி யூனிகோடில் 2010 என்ற எண்ணுள்ள எழுத்தாகக் காட்டும் வாய்ப்பு உண்டு. காப்பி செய்தாலும் ஓடாது. பக்கத்துக்குள் அந்த ஆப்ஷனைத் தேடினாலும் அகப்படாது. சிறுகோட்டுக்கு முன் ஒரு பின்சாய்வுக் கோடு போட்டு \- என்று எழுதினால் சரியாகிவிடும்.

கடைசியாக ஒரு எளிய காரணம். வரியின் தொடக்கத்தில் $ குறி இருக்கிறதா? அது டெர்மினலின் அழைப்புக் குறி, கட்டளையின் பகுதி அல்ல. கட்டளையும் அதன் விடையும் கலந்து வரும் இடத்தில் அது பயனுள்ளதுதான். வெறும் கட்டளை மட்டும் இருக்கும் இடத்தில் எடுத்துவிடலாம்.

வாக்கியத்தில் ஒரு சொல் காணாமல் போயிருக்கிறது, அல்லது பெயர் திடீரென்று தடித்திருக்கிறது

"கட்டளைக்குப் பின் என்று தரவும்." இப்படி ஒரு வாக்கியம் பக்கத்தில் இருந்தால், எழுதியவர் சொல்லை மறந்துவிட்டார் என்று நினைத்து நீங்களே ஒரு சொல்லைச் சேர்க்கக் கூடாது. மூலத்தைத் திறந்தால் அங்கே <file> என்று கோணக்குறிக்குள் ஒரு சொல் இருக்கும். மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டு வடிவில் கோட் பகுதிக்கு வெளியே கோணக்குறிக்குள் வரும் ஆங்கிலச் சொல் எச்டிஎம்எல் டேக் என்று கொள்ளப்படும். உலாவிக்கு அப்படியொரு டேக் தெரியாததால் சத்தமின்றி விழுங்கிவிடும். பேக்டிக் (`) குறிகளுக்குள் போட்டால் திரும்பி வந்துவிடும்.

தடித்த எழுத்தும் இதே வகைதான். பைத்தானில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடிக்கோடுகள் கொண்ட பெயர்கள் நிறைய உண்டு. மார்க்டவுனில் அந்த அடிக்கோடுகள் "தடித்த எழுத்து" என்று பொருள்படும். அடிக்கோடுகள் மறைந்து, நடுச்சொல் தடித்துப்போய் நிற்கும். புதிதாகப் படிப்பவர் அதையே உண்மையான பெயர் என்று எடுத்துக்கொள்வார்.

கிட்ஹப்பில் அழகாக இருக்கிறது, ஆவணத் தளத்தில் குலைந்து கிடக்கிறது

மார்க்டவுன் 2004-இல் வந்தது. அதன் விதிகள் பல இடங்களில் தெளிவில்லாமல் இருந்ததால், அவற்றை வரையறுக்கும் முயற்சியாக காமன்மார்க் 2014-இல் வந்தது. திட்டங்களின் கோப்புகளை வைத்திருக்கும் கிட்ஹப் தளம் அந்த வழியில் போகிறது. ஆவணத் தளம் உருவாக்கும் எம்கேடாக்ஸ் கருவி பயன்படுத்துவதோ பைத்தான்-மார்க்டவுன் என்ற பழைய நூலகம். அது பல இடங்களில் முந்தைய விதிகளையே கடைப்பிடிக்கிறது. ஒரே கோப்பு இரண்டு இடங்களில் இரண்டு விதமாகத் தெரிவது இதனால்தான்.

பட்டியல் முழுவதும் ஒரே பத்தியாக ஒட்டிப்போயிருந்தால், பட்டியலுக்கு முன் ஒரு வெற்று வரி விடுங்கள். உட்பட்டியல் வெளிப்பட்டியலோடு ஒரே மட்டத்தில் வந்துவிட்டால், இரண்டு இடைவெளிக்குப் பதில் நான்கு இடைவெளி தள்ளுங்கள். நான்கு என்பது இரு தரப்புக்கும் ஒத்துப்போகும். 1, 2 என்று போன படிகள் நடுவில் ஒரு கட்டளைக்குப் பின் மறுபடி 1 என்று தொடங்கினால், அந்தக் கட்டளைப் பகுதி போதிய அளவு உள்ளே தள்ளப்படவில்லை என்று பொருள். எண்ணைக் கையால் மாற்றிப் பயனில்லை. கட்டளையையும் நான்கு இடைவெளி உள்ளே தள்ள வேண்டும்.

மார்க்டவுன் போன்ற இன்னொரு வடிவமான ரீஸ்ட்ரக்சர்ட்டெக்ஸ்டில் எழுதப்பட்ட ஆவணத்தில் ஒரு ஃபங்ஷன் பெயர் கோட் எழுத்துருவில் வராமல் சாய்வெழுத்தில் வருகிறதா? எழுதியவர் மார்க்டவுனுக்குப் பழகியவர். அங்கே ஒற்றை பேக்டிக் போதும். இங்கே இரட்டை பேக்டிக் வேண்டும். பக்கத்தில் இப்படி ஒன்று இருந்தால் பெரும்பாலும் இன்னும் பல இருக்கும், மொத்தமாகத் தேடித் திருத்துவது நல்லது. ஆனால் சில திட்டங்களில் ஒற்றை பேக்டிக்குக்கு வேறு பொருள் அமைத்திருப்பார்கள். ஸ்பிங்க்ஸ் அமைப்புக் கோப்பில் டிஃபால்ட் ரோல் என்ற வரி இருக்கிறதா என்று பார்த்த பிறகு கை வையுங்கள்.

இந்த வடிவில் தலைப்பின் கீழ் இடும் அடிக்கோடு போதவில்லை என்ற எச்சரிக்கையைத் தமிழ்த் தலைப்பு எழுதுபவர்கள் அடிக்கடி பார்ப்பார்கள். கண்ணுக்குக் கோடு சரியாகவே இருக்கும். "கோ" என்பது நமக்கு ஒரு எழுத்து. கருவிக்கு ககரம் ஒன்று, உயிர்க்குறி ஒன்று என்று இரண்டு. அடிக்கோட்டைத் தாராளமாக நீட்டிவிடுங்கள், நீளம் கூடினால் ஆட்சேபணை இல்லை.

லிங்க் பக்கத்துக்குப் போகிறது, சரியான பகுதிக்குப் போகவில்லை

இதற்குக் காரணம் பெரும்பாலும் முந்தைய மெய்ப்பு பார்த்தவரேதான். பல கருவிகள் தலைப்பின் எழுத்துகளிலிருந்தே அந்தப் பகுதியின் முகவரியை உருவாக்குகின்றன. தலைப்பில் ஒரு சொல்லைச் செம்மைப்படுத்தினால் முகவரியும் மாறிவிடும். இதே ஆவணத்தின் மற்றப் பக்கங்கள் மட்டுமல்ல, கேள்வி-பதில் தளங்களிலும் மற்றவர்களின் குறிப்புகளிலும் இருக்கும் லிங்க்குகள் எல்லாம் பக்கத்தின் உச்சியில் போய் நிற்கும்.

அதனால் தலைப்பில் கை வைக்கும் முன் பழைய முகவரியை திட்டத்தின் கோப்புகள் எல்லாம் இருக்கும் களஞ்சியம் முழுவதிலும் கிட் கிரெப்பால் தேடுங்கள். திருத்தியே ஆக வேண்டும் என்றால் பழைய முகவரியை அதே இடத்தில் ஒரு லேபிளாக விட்டுவையுங்கள். ஸ்பிங்க்ஸில் தலைப்புக்கு மேலே தனி லேபிள் போட்டு அதையே சுட்டும் வழக்கம் இருப்பது இதற்காகத்தான்: தலைப்பு மாறினாலும் லேபிள் மாறாது.

வெளித் தளங்களுக்கான லிங்க்குகளை ஸ்பிங்க்ஸின் லிங்க்செக் என்ற சோதனை வசதி சரிபார்த்துச் சொல்லும். அது தரும் பட்டியலை அப்படியே நம்பிவிட வேண்டாம். 404 என்றால் உண்மையில் இல்லை. 403, 429 என்று வந்தால் அந்தத் தளம் தானியங்கிக் கருவிகளைத் தடுக்கிறது என்றுதான் பெரும்பாலும் பொருள். உலாவியில் திறந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். உள் லிங்க்குகளுக்கு, பில்ட் செய்யும்போது எச்சரிக்கைகளைப் பிழைகளாகவே கருதச் சொல்லும் ஆப்ஷனைப் போடுங்கள். உடைந்தவை பெரும்பாலும் ஒளிந்துகொள்ள முடியாது.

எழுத்துப் பிழைக் கருவி பக்கம் முழுவதும் சிவப்புக் கோடு போடுகிறது

கருவி தவறு செய்யவில்லை, இந்த வேலைக்குப் பொருத்தமில்லாத கருவி அது. ஹன்ஸ்பெல் போன்றவை அகராதியில் இல்லாத எல்லாவற்றையும் பிழை என்கும். மென்பொருள் ஆவணத்தில் பாதிச் சொற்கள் எந்த அகராதியிலும் இராது. கோட்ஸ்பெல் இதற்கு நேர்மாறாக வேலை செய்கிறது. மக்கள் வழக்கமாகச் செய்யும் எழுத்துப் பிழைகளின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு அவற்றை மட்டும் தேடும். பட்டியலில் இல்லாத பிழை தப்பிவிடும். ஆனால் அது பிடித்துக் காட்டுவது பெரும்பாலும் உண்மையான பிழையாக இருக்கும். முதல் சுற்றுக்கு கோட்ஸ்பெல், பிறகு திட்டத்தின் சொற்களைத் தனிப் பட்டியலாகச் சேர்த்து ஹன்ஸ்பெல் என்பதே என் பரிந்துரை.

எந்தக் கருவியானாலும் "எல்லாவற்றையும் மாற்று" என்ற பொத்தானைத் தொட வேண்டாம். இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் எச்டிடிபி நெறிமுறையில் ரெஃபரர் (Referer) என்று ஒரு ஹெடர் உண்டு. 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1945 என்ற நெறிமுறை ஆவணத்திலேயே அதன் ஆங்கில எழுத்துக்கூட்டில் ஓர் எழுத்து குறைவு. அந்தப் பிழையே தரமாகிவிட்டது, இன்றைக்கும் அதுதான் சரியான வடிவம். பின்னால் வந்த ரெஃபரர்-பாலிசி (Referrer-Policy) என்ற ஹெடரோ அகராதிப்படி சரியான எழுத்துக்கூட்டில் இருக்கிறது. இரண்டும் ஒரே பக்கத்தில் வரலாம். ஒன்றைப் பார்த்து மற்றதைத் திருத்தினால், எந்தப் பக்கம் திருத்தினாலும் ஆவணம் பொய்யாகிவிடும். மாறிகள், அமைப்புக் கோப்பில் வரும் பெயர்கள், பிழைச் செய்திகள் எல்லாவற்றுக்கும் இதே விதி. நிரலில் எப்படி இருக்கிறதோ அப்படியே ஆவணத்திலும் இருக்க வேண்டும். பெயரே தவறு என்று தோன்றினால் அது நிரலில் திருத்த வேண்டியது.

நெறிமுறைகளை விவரிக்கும் பக்கங்களில் இன்னொரு எச்சரிக்கை. "கட்டாயம்", "பரிந்துரை", "விருப்பம்" என்ற மூன்றுக்கும் 1997-இல் வந்த ஆர்எஃப்சி 2119 தனித்தனிப் பொருள் வகுத்திருக்கிறது. அங்கே வாக்கியத்தின் ஓசை நன்றாக இருக்க வேண்டும் என்று ஒன்றை எடுத்து மற்றதைப் போட்டால் விதியே மாறிவிடும்.

சொன்னபடியே செய்தும் நடக்கவில்லை

மெய்ப்பு பார்ப்பவரின் உழைப்பு உண்மையிலேயே பலன் தருவது இங்கேதான். எழுத்துப் பிழையைப் படிப்பவர் தாண்டிப் போய்விடுவார். தவறான படி அவருடைய மாலைப் பொழுதையே விழுங்கிவிடும்.

முதலில் பதிப்பைப் பாருங்கள். ரீட் த டாக்ஸ் போன்ற தளங்களில் ஒரே ஆவணத்துக்கு "லேட்டஸ்ட்", "ஸ்டேபிள்" என்று இரண்டு வடிவங்கள் இருக்கும். முன்னது வழக்கமாக வளர்ச்சியில் இருக்கும் பிராஞ்சிலிருந்து வருவது. தேடுபொறி அதைக் காட்டியிருக்கும். பயனரிடம் இருப்பதோ சென்ற வெளியீடு. இந்த நிலையில் ஆவணத்தில் திருத்த எதுவுமே இல்லாமல்கூட இருக்கலாம். அந்த வசதி எந்தப் பதிப்பில் வந்தது என்று ஒரு வரி சேர்த்தாலே போதும்.

பதிப்பு சரிதான் என்றால் அடுத்த சோதனை: எதுவும் நிறுவப்படாத கணினியில் முதல் படியிலிருந்து செய்து பார்ப்பது. இதற்குப் புதிய கணினி வேண்டாம், கணினிக்குள் தனிக் கணினிபோல் இயங்கும் ஒரு டாக்கர் கன்டெய்னர் போதும். எழுதியவரின் கணினியில் என்றோ நிறுவிய கம்பைலர் இருக்கும், பாதைகள் அமைந்திருக்கும், அனுமதிகள் கிடைத்திருக்கும். அவர் எழுதாமல் விட்ட படிகளை அவரால் பார்க்கவே முடியாது. வெறும் கன்டெய்னரில் எந்த வரியில் நிற்கிறதோ அந்த வரிக்கு மேலேதான் படி விட்டுப்போயிருக்கிறது.

பிறகு வரிசை. கீழே உள்ள இரண்டு படிகளைப் படித்துப் பாருங்கள்.

3. பழைய தரவு அடைவை நீக்கவும்.
4. புதிய பதிப்பைத் தொடங்கவும். (கவனிக்க: அடைவை நீக்கும் முன் பேக்கப் எடுத்திருக்க வேண்டும்.)

இலக்கணம் சரி, எழுத்துப் பிழை இல்லை, தகவலும் முழுமையாக இருக்கிறது. ஆனால் ஆவணத்தைப் படிப்பவர் படித்து முடித்துவிட்டுச் செய்வதில்லை, படித்துக்கொண்டே செய்கிறார். நான்காம் படிக்கு வரும்போது அடைவு போய்விட்டிருக்கும். எச்சரிக்கை எப்போதும் செயலுக்கு முன் வர வேண்டும். இன்னும் நல்லது, எச்சரிக்கையையே ஒரு படியாக்கிவிடுவது:

3. தரவு அடைவின் பிரதி ஒன்றை வேறு இடத்தில் எடுத்து வைக்கவும்.
4. பிரதியில் எல்லாக் கோப்புகளும் இருப்பதைப் பார்த்தபின் பழைய அடைவை நீக்கவும்.
5. புதிய பதிப்பைத் தொடங்கவும்.

நிபந்தனைகளுக்கும் இதே கதைதான். "சர்வரை மீண்டும் தொடங்கவும், கிளஸ்டராக ஓடவில்லை என்றால்" என்று எழுதினால் பாதிப் பேர் காற்புள்ளிக்கு முன்பே தொடங்கிவிடுவார்கள். "கிளஸ்டராக ஓடவில்லை என்றால், சர்வரை மீண்டும் தொடங்கவும்." அவ்வளவுதான் மாற்றம்.

யார் செய்வது என்ற குழப்பமும் படியைக் கெடுக்கும். "கேஷ் கோப்பு பழுதாகியிருந்தால் நீக்கப்படும்." யார் நீக்குவது, மென்பொருளா, நானா? செயப்பாட்டு வினை வரும் இடத்திலெல்லாம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். விடை தெரியவில்லை என்றால் ஊகித்து எழுதாதீர்கள். நிரலைப் பாருங்கள், அல்லது ஒரு பழுதான கேஷ் கோப்பை நீங்களே உருவாக்கி ஓட்டிப் பாருங்கள்.

பயனர் எதுவும் தராதபோது நிரல் எடுத்துக்கொள்ளும் இயல்பு மதிப்புகளையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். ஆவணம் 30 நொடி என்கும், நிரலில் 60 என்று மாறியிருக்கும். நிரலை மாற்றுபவர் ஆவணத்தை மறப்பது வாடிக்கை.

திருத்தியாயிற்று, சேர்த்தும் விட்டார்கள், அடுத்த வெளியீட்டில் அதே பிழை திரும்ப வந்துவிட்டது

நீங்கள் திருத்தியது உருவாக்கப்பட்ட கோப்பு. ஃபங்ஷன்களின் விவரப் பக்கங்கள் பெரும்பாலும் நிரலுக்குள் எழுதியிருக்கும் விளக்கக் குறிப்புகளான டாக்ஸ்ட்ரிங்குகளிலிருந்து வருகின்றன. கட்டளைகளுக்கான மேன் பக்கங்களைச் சில திட்டங்கள் உதவிச் செய்தியிலிருந்தே உருவாக்கிக்கொள்கின்றன. கோப்பின் முதல் சில வரிகளில் "தானாக உருவாக்கப்பட்டது, திருத்த வேண்டாம்" என்று எழுதியிருக்கும். இல்லாவிட்டால், பிழையான சொற்றொடரை முழுக் களஞ்சியத்திலும் தேடுங்கள். நிரல் கோப்பு ஒன்றிலும் அகப்பட்டால் திருத்த வேண்டிய இடம் அதுதான்.

மூல ஆவணம் நன்றாக இருக்கிறது, தமிழாக்கத்தில் மட்டும் சிக்கல்

மொழிபெயர்த்த பத்தி மறுபடி ஆங்கிலத்தில் தெரிகிறதா? மொழிபெயர்ப்புகள் இருக்கும் பிஓ கோப்பைத் திறந்து அந்தப் பதிவில் ஃபஸி என்ற குறி இருக்கிறதா பாருங்கள். மூல வாக்கியம் கொஞ்சம் மாறினாலும் கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்புக் கருவிகள் பழைய மொழிபெயர்ப்பின் மேல் இந்தக் குறியைப் போட்டுவிடும். குறி இருக்கும்வரை அந்த மொழிபெயர்ப்பு வழக்கமாகப் பயன்படுத்தப்படாது. ஒப்பிட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் திருத்தி, குறியை எடுத்துவிட வேண்டும். பார்க்காமல் மொத்தமாகக் குறிகளை எடுப்பவர்கள் உண்டு. கருவி ஒத்த வாக்கியம் என்று வேறெங்கிருந்தோ கொண்டுவந்து வைத்த மொழிபெயர்ப்பும் அதில் இருக்கும் என்பதால் அது ஆபத்து.

இதன் மறுபக்கத்தையும் நினைத்துப் பாருங்கள். மூல ஆவணத்தில் நீங்கள் ஒரு காற்புள்ளியை மாற்றினால், எத்தனை மொழிகளில் ஆக்கம் இருக்கிறதோ அத்தனையிலும் அந்தப் பத்தி ஃபஸி ஆகிவிடும். பொருளை மாற்றாத சின்னத் திருத்தங்களைச் சேர்த்து வைத்து, வெளியீட்டுக்கு முன் வரும் ஸ்ட்ரிங் ஃப்ரீஸுக்கு (வாக்கியங்களை மாற்றக் கூடாத காலம்) வெகு முன்பே ஒரே தடவையாகக் கொடுப்பது மொழிபெயர்ப்பாளர்களுக்கு நீங்கள் செய்யும் பேருதவி.

"அறிக்கைஐ திறக்க முடியவில்லை" என்பதுபோல் வேற்றுமை உருபு முட்டிக்கொண்டு நிற்கிறதா? நிரல் ஒரு பெயரைக் கொண்டுவந்து பொருத்தும் இடத்துக்குப் பக்கத்தில் உருபை ஒட்டியிருக்கிறார்கள். எந்தப் பெயர் வரும் என்று தெரியாதபோது புணர்ச்சி சரியாக அமையவே அமையாது. "'அறிக்கை' என்ற கோப்பைத் திறக்க முடியவில்லை" என்று, உருபை நமக்குத் தெரிந்த சொல்லுக்கு மாற்றிவிட்டால் எந்தப் பெயர் வந்தாலும் வாக்கியம் நிற்கும். பெயர் பொருந்தும் குறி மொழிபெயர்ப்பில் விட்டுப்போயிருக்கிறதா என்பதை கெட்டெக்ஸ்டின் எம்எஸ்ஜிஎஃப்எம்டி (msgfmt) கருவியின் சோதனை ஆப்ஷன் சொல்லிவிடும்.

பக்கத்தில் இருக்கும் சொல் தேடலில் அகப்படவில்லை என்றால் எழுத்துக் குறியீட்டைச் சந்தேகியுங்கள். ஔ என்ற எழுத்துக்குப் பதில் ஒகரமும் ளகரமும் அடித்திருப்பார்கள். ஒளவை, ஔவை இரண்டையும் பக்கத்தில் வைத்தாலும் பல எழுத்துருக்களில் வேறுபாடு தெரியாது. கொம்பும் காலும் சேர்ந்த ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். யூனிகோட் இவ்விரண்டையும் சமம் என்கிறது, எளிய தேடல் கருவிகளோ அப்படிப் பார்ப்பதில்லை. கோப்பு முழுவதையும், இத்தகைய இரண்டு குறியீடுகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றினால் இந்த இரண்டாவது சிக்கல் தீரும். ஔகாரச் சிக்கலைக் கையால்தான் தேட வேண்டும்.

அனுப்பிய திருத்தம் அசையாமல் கிடக்கிறது

பெரும்பாலும் அது மிகப் பெரிதாக இருக்கும். பராமரிப்பவர், மாற்றங்களைக் காட்டும் டிஃபைத் திறக்கிறார். நீங்கள் திருத்தியது நாலு சொல், அவருக்குத் தெரிவது நானூறு வரி. உங்கள் எடிட்டர் பத்திகளை மறுபடி மடக்கியிருக்கும், அல்லது வரி இறுதியில் இருந்த இடைவெளிகளை நீக்கியிருக்கும். மடிப்பு மாற்றங்களைத் திரும்ப எடுத்துவிட்டு, சொல் மாற்றங்களை மட்டும் அனுப்புங்கள். அனுப்பும் முன் கிட் டிஃபை வேர்ட்-டிஃப் ஆப்ஷனோடு ஓட்டிப் பாருங்கள். நீங்கள் மாற்ற நினைத்தது மட்டும்தான் அதில் தெரிய வேண்டும். புதிதாக எழுதும் பகுதிகளில் வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுதினால் இந்தத் தொல்லையே வராது. பிரையன் கெர்னிகன் யூனிக்ஸ் பயனர்களுக்கு 1970-களிலேயே சொன்ன யோசனை அது, இன்றைக்கும் டிஃபுக்கு அதைவிடப் பொருத்தமான வழி இல்லை.

ஒரே வகைத் திருத்தங்களை ஒரு கமிட்டாக, அதாவது ஒரே பதிவாக, வையுங்கள். எழுத்துப் பிழைகள் ஒன்று, உடைந்த லிங்க்குகள் ஒன்று, தவறான படி தனியாக ஒன்று. எழுத்துப் பிழையைக் கண்ணால் பார்த்து ஏற்றுக்கொள்வார்கள். படியை மாற்றியதை யாராவது ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கட்டினால் எளியதும் கடினமானதற்காகக் காத்துக் கிடக்கும். "ஆவணத்தை மேம்படுத்தினேன்" என்ற கமிட் செய்தியால் யாருக்கும் பயனில்லை. எந்தப் பதிப்பில் ஓட்டிப் பார்த்தீர்கள், என்ன வந்தது, அதனால் எதை மாற்றினீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள்.

சில திட்டங்களில் கமிட்டின் அடியில் உங்கள் ஒப்புதல் வரி இல்லை என்றால் தானியங்கிச் சோதனையே தடுத்துவிடும். லினக்ஸ் கெர்னலில் 2004-இல் தொடங்கிய வழக்கம் அது. கமிட் செய்யும்போது சைன்-ஆஃப் ஆப்ஷனைப் போட்டால் வரி தானாகச் சேரும்.

நடைக்காக மட்டும் செய்த மாற்றங்களை ஏற்க மறுத்தால் வாதாடாதீர்கள். திட்டத்துக்கு நடைக் கையேடு இருந்தால் அதுதான் முடிவு. இல்லை என்றால் ஏற்கெனவே இருக்கும் வழக்கம்.

பிழை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை

ஆவணம் ஒன்று சொல்கிறது, நிரல் வேறொன்று செய்கிறது, எது சரி என்று உங்களால் முடிவு செய்ய முடியவில்லை. அப்போது எதையும் திருத்தாதீர்கள். ஆவணத்தை நிரலுக்கு ஏற்ப மாற்றினால், நிரலில் இருக்கும் ஒரு பிழையையே விதியாக்கிவிட்ட கதையாகிவிடும். திட்டத்தின் தளத்தில் ஒரு இஷ்யூ (சிக்கல் பதிவு) திறந்து, எந்தப் பக்கத்தின் எந்தப் பதிப்பு, என்ன செய்தீர்கள், ஆவணப்படி என்ன வந்திருக்க வேண்டும், உண்மையில் என்ன வந்தது என்று எழுதுங்கள். பிழைச் செய்தியைப் படமாக ஒட்டாமல் எழுத்தாகவே போடுங்கள். நாளை அதே செய்தியைத் தேடி வருபவருக்கு அது அகப்படும்.